கரை கடந்தவர் பெற்ற துணிவு

துணிவென்பது பிறவியிலேயே சிலருக்கு அமைவதொரு குணம் என்றும், அஃது அமையப்பெறாதார் எவ்வளவு முயன்றும் அதனை அடையார் என்றும் நம்மவருள் ஒரு கொள்கை உண்டு. ‘மூத்தவன் தைரியசாலி, இளையவன் பயந்த சுபாவம்’ என்று ஐந்து வயதிலேயே பிள்ளைகளுக்கு முத்திரை குத்திவிடுகின்றோம். பின்னர் அப்பயந்த பிள்ளையை வெயில் படாமலும், அயலார் முகம் பாராமலும், தனியே ஓர் ஊருக்குப் போகாமலும் காத்து வளர்த்து, இருபது வயதில் அவன் நாலு பேர் முன்னிலையில் நாக்குழறி நிற்கக் கண்டு, ‘நாம் அன்று சொன்னது மெய்யாயிற்று’ என மகிழ்கின்றோம். அவன் அவ்வாறு ஆனதற்கு அவனுடைய பிறவி காரணமோ, நம்முடைய காவல் காரணமோ என்பதை ஆராய்வார் சிலரே.

சரித்திரத்தை உற்று நோக்கினால் இக்கொள்கை நிலைபெறாது. துணிவு உடல் வலிமையைப் போன்றது, பயிலப் பயில வளர்வது, பயிலாவிடில் தேய்வது. பழகிய வீடு, பழகிய தெரு, பழகிய முகங்கள் ஆகியவற்றை விட்டு ஓரடியேனும் வெளியே எடுத்து வைத்தாலன்றி அப்பயிற்சிக்கு இடமில்லை. இதற்குச் சான்றாக உலகறிந்த ஒருவருடைய இளமைச் சரித்திரத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

மகாத்மா காந்தியடிகளைப் பற்றி நாம் அறியாதது யாதெனச் சிலர் வினவலாம். தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்த காந்தியை யாவரும் அறிவர். நீதிமன்றத்தில் வாய் திறக்கமாட்டாமல் நடுங்கி உட்கார்ந்த காந்தியை அறிந்தார் அத்துணைப் பேரிலர். முன்னவரைக் காட்டிலும் பின்னவரிடத்தே நாம் கற்கவேண்டியது மிகுதி. அன்றியும், அவர் தம் முதலடியை எடுத்து வைத்த காலத்துக் குறுக்கே நின்றது நம்முடையதைப் போன்றதொரு ஜாதிச் சபை. ஆதலின் இச்சரித்திரம் நாம் தனித்து நின்று சிந்திப்பதற்கு உரியதாகின்றது.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ஆம் நாள் கத்தியவார் நாட்டுப் போர்பந்தரில் மோத்வணிகர் குலத்தில் பிறந்தார். இளமையில் அவருக்கு இருளைக் கண்டால் அச்சம். திருடர், பேய், பாம்பு என்னும் மூன்றும் இரவெல்லாம் அவர் மனத்தை அலைக்கழித்தன. விளக்கின்றி உறங்கமாட்டார். பள்ளி விட்டவுடன், யாரேனும் பேச்சுக் கொடுத்துவிடுவரோ என அஞ்சி வீட்டுக்கு ஓடிவிடுவார். இவற்றையெல்லாம் பிறர் கூறிற்றிலர். அவரே தம் சுயசரிதையில் ஒளிவு மறைவின்றி எழுதிவைத்தார்.

1885-இல் தந்தையார் காலமாயினர். பின்பு பவநகர்க் கல்லூரியில் சேர்ந்த மோகன்தாஸுக்குப் பாடங்கள் விளங்கவில்லை. முதற் பருவம் முடிந்ததும் வீடு திரும்பினார். அவ்வமயம், குடும்பத்திற்கு நெடுநாள் நண்பராகிய மாவ்ஜி தவே என்னும் பெரியவர் பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்குமாறு யோசனை கூறினார். அச்சொல் அப்பிள்ளையின் உள்ளத்தில் தீப்போலப் பற்றிக்கொண்டது. பெரிய தகப்பனார் முறையினரிடம் அனுமதி பெறவேண்டிப் போர்பந்தருக்குச் செல்லவேண்டியதாயிற்று. இரயில் இல்லாத காலம். மாட்டு வண்டியில் ஐந்து நாட் பிரயாணம். இருளுக்கு அஞ்சிய பிள்ளை தோராஜி வரையில் வண்டியிற் சென்று, ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேரும் பொருட்டு அங்கிருந்து ஒட்டகத்தின் மீதேறினார். ஒட்டகம் ஏறியது அதுவே முதன் முறை. இங்கிலாந்து செல்லவேண்டும் என்னும் வேட்கையின் முன்னே தம் கோழைமை மறைந்து போயிற்று என்று அவரே வியந்து கூறுகின்றார். ஈண்டு ஒன்று கருதத்தக்கது: முதலில் அச்சம் நீங்கி அதன் பின்னர் அவர் புறப்பட்டாரல்லர், புறப்பட்டமையாலேயே அச்சம் ஒருபடி விலகிற்று.

போர்பந்தரில் அவருக்குக் கிடைத்தது முழுப் பயன் அன்று. உறவினர் தடுக்கவுமில்லை, மனமொப்பி வாழ்த்தவுமில்லை. உபகாரச் சம்பளம் வேண்டி நிர்வாக அதிகாரியாகிய லீலி துரையைக் கண்டபோது, ‘முதலில் பி.ஏ. தேறி வா’ என்னும் கருத்துப்பட விடை பகர்ந்து அவர் மாடியேறிவிட்டனர். அன்னையார் புத்லிபாயோ, கடல் கடந்த பிள்ளைகள் கெட்டுப்போவர் என்று பிறர் கூறக் கேட்டுக் கலங்கினார். ஜைன முனிவராகிய பேசர்ஜி சுவாமி முன்னிலையில் மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டேன் என்று மகன் விரதம் பூண்ட பின்னரே அன்னையின் அனுமதி கிடைத்தது. தமையனார் பணத்துக்கு ஏற்பாடு செய்தார். அதிகாரி மறுத்த இடத்தில் குடும்பம் துணை நின்றது.

பம்பாய்க்குச் சென்ற பின்பே உண்மையான சோதனை வந்தது. மழைக்காலத்துக் கடல் கொந்தளிப்பானது என நண்பர்கள் அச்சுறுத்தவே, தமையனார் தம்பியை ஒரு நண்பரிடம் விட்டு, பிரயாணப் பணத்தை மைத்துனரிடம் ஒப்படைத்து, ஊர் திரும்பினார். இதற்குள் செய்தி பரவி, பம்பாயிலிருந்த குலத்தார் கொதித்தெழுந்தனர். அதுகாறும் அக்குலத்தில் எவரும் இங்கிலாந்து சென்றதில்லை. மகாசபை கூட்டப்பட்டது, பதினெட்டு வயதுப் பிள்ளை சபைக்கு அழைக்கப்பட்டார். தலைவராகிய சேட் அவருக்குத் தூரத்து உறவினர், தந்தையாருக்கு நண்பராயிருந்தவர். கடற்பிரயாணத்தை நம் மதம் விலக்குகின்றது, அங்கே ஆசாரம் கெடாமல் வாழ்தல் இயலாது, ஆதலின் போகலாகாது என்பது சேட்டின் கட்டளை. கல்விக்காகவே செல்கின்றேன், அன்னையாருக்குப் பிரதிக்கினை செய்திருக்கின்றேன், அஃது என்னைக் காக்கும் என்பது பிள்ளையின் மறுமொழி. சபையின் கட்டளையை மீறுவையோ என்று கேட்டபோது, இவ்விஷயத்தில் சபை தலையிடலாகாது என்று அவர் பணிவோடும் உறுதியோடும் உரைத்தார். சேட் சினங்கொண்டு, ‘இப்பையன் இன்று முதல் ஜாதிக்குப் புறம்பானவன், இவனுக்கு உதவுவோரும், துறைமுகம் சென்று வழியனுப்புவோரும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் செலுத்தல் வேண்டும்’ என்று விதித்தார்.

அவ்விதி உடனே பலித்தது. ஜாதிக்கட்டுக்கு அஞ்சிய மைத்துனர் பணத்தைத் தர மறுத்தார். குடும்ப நண்பர் ஒருவரிடம் கடன் பெற்று, அதனைத் தமையனாரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்து, 1888 செப்டம்பர் 4-ஆம் நாள் மோகன்தாஸ் கப்பலேறினார்.

அன்பர்களே, அச்சேட்டைக் கொடியவர் என்று நாம் கருதுதல் தகாது. நண்பருடைய தந்தையற்ற மகன் அயல்நாட்டில் வழி தவறிவிடுவானே என்னும் கவலையும் அவருக்கு இருந்திருக்கலாம். மாவ்ஜி தவேயும் முதியவரே, சேட்டும் முதியவரே. முன்னவர் அப்பிள்ளையிடத்தே எதிர்காலத்தைக் கண்டார். பின்னவர் வரக்கூடிய தீங்கினை மட்டும் கண்டார். அன்பு அச்சத்தோடு கூடுமிடத்து அதுவே விலங்காகி விடுகின்றது. ஒவ்வொரு குலச் சபையிலும் இவ்விருவகை முதியோரும் உளர். எவர் சொல் மேலோங்குகின்றதோ அதனைப் பொறுத்தே அச்சபையின் இளைஞர் அமைவர்.

இனி, கரையைக் கடந்தவுடனே கூச்சம் பறந்து போயிற்றோ எனின், இல்லை. கப்பலில் ஆங்கிலத்திற் பேச அவர் நாணினார். கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணத் தெரியாது. எப்பண்டத்தில் மாமிசம் இல்லை என்று வினவத் துணிவில்லை. ஆகவே தம் அறையிலேயே ஒதுங்கி, ஊரிலிருந்து கொணர்ந்த இனிப்பும் பழங்களும் தின்றே பெரும்பாலும் நாட்களைக் கழித்தார். இலண்டன் சேர்ந்த பின்னரும் இரவுதோறும் வீட்டை நினைந்து அழுதார். புலாலுணவு மறுப்போர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இடம் பெற்றும், கூட்டங்களில் வாய் திறந்தாரில்லை. டாக்டர் அல்லின்சன் என்பவரைக் கருத்து வேற்றுமை பற்றிச் சங்கத்தினின்று நீக்க முற்பட்டபோது, அது நியாயமன்று என்று அவருக்குத் தோன்றிற்று. தம் எண்ணத்தை எழுதிக்கொண்டும் போனார். எழுதியதைப் படிக்கவும் துணிவின்றி, வேறொருவர் அதனைப் படிக்க நேர்ந்தது. வெண்ட்னர் என்னும் ஊரில் ஒரு பேச்சை எழுதிக்கொண்டு எழுந்து நின்றார்; கண் மங்கிற்று, உடல் நடுங்கிற்று; நண்பர் மஜும்தார் அதனைப் படித்து முடித்தார்.

1891 ஜூன் மாதத்தில் பாரிஸ்டராகித் தாயகம் திரும்பியபோது, அன்னையார் முன்னரே காலமாகிவிட்ட செய்தி அவரை வரவேற்றது. கரை கடப்பார் செலுத்தும் விலை சில வேளைகளில் இத்துணைக் கடியது. அதனை மறைத்துத் துணிவைப் புகழ்தல் நேர்மையன்று. பின்னர்ப் பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் அவருடைய முதல் வழக்கு வந்தது. கட்டணம் முப்பது ரூபாய். எதிர்க்கட்சிச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், நெஞ்சு படபடத்தது, தலை சுழன்றது, ஒரு வினாவும் எழவில்லை. உட்கார்ந்து, வழக்கை நடத்த இயலாதெனக் கூறிப் பணத்தைத் திருப்பித் தந்து, நீதிமன்றத்தை விட்டு விரைந்து வெளியேறினார்.

இவ்விடத்தில் சற்றே நின்று சிந்திப்போமாக. கடன் வாங்கி மூன்றாண்டு அயல்நாட்டில் படிக்கவைத்த நம் வீட்டுப் பிள்ளை இவ்வாறு திரும்பி வந்திருப்பின் நாம் யாது கூறியிருப்போம்? ‘அன்றே சொன்னோம், கேட்டானில்லை’ என்று திண்ணைதோறும் பேசியிருப்போம் அல்லவா? அவ்வோராண்டிலேயே அவர் கதையை முடித்து எழுதியிருந்தால், சேட் சொன்னதே சரி என்று தீர்ப்பாகியிருக்கும். வெளியே அடியெடுத்து வைத்தல் விதை விதைத்தலே. மறுநாளே கதிர் முற்றவில்லை என்று நிலத்தைப் பழித்தல் உழவறியாதார் செயல்.

1893 ஏப்ரலில், தாதா அப்துல்லா கம்பெனியாரின் வழக்கொன்றுக்குத் துணைபுரிய, ஓராண்டுக்கு நூற்றைந்து பவுன் ஊதியம் பேசிக்கொண்டு அவர் மீண்டும் கப்பலேறினார், இம்முறை தென்னாப்பிரிக்காவுக்கு. டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு மாஜிஸ்திரேட் கூறியபோது, கழற்ற மறுத்து வெளியே வந்தார். சில நாட்களுக்குப் பின், ஜூன் மாதக் குளிர்காலத்தில், முதல் வகுப்புச் சீட்டோடு பிரிட்டோரியாவுக்குப் புறப்பட்டார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில், நிறம் பற்றி, கடைசி வண்டிக்குப் போகுமாறு கூறினர், அவர் இசைந்திலர். காவலன் ஒருவன் கையைப் பிடித்து வெளியே தள்ளினான்; மூட்டைகளும் இறக்கப்பட்டன. விளக்கில்லாத அறையில், மேலங்கி மூட்டைக்குள் இருந்தும் அதனைக் கேட்டால் மீண்டும் அவமதிப்பரோ என்று கேளாமல், இரவெல்லாம் குளிரில் நடுங்கி அமர்ந்திருந்தார்.

அவ்விரவில் அவர் முன்னே இரண்டு வழிகள் இருந்தன: இந்தியாவுக்குத் திரும்புதல், அல்லது உரிமைக்காக நின்று போராடுதல். ஒப்புக்கொண்ட கடமையை முடியாமல் ஓடுதல் கோழைமை என்று அவர் துணிந்தார். மேலே சென்ற பிரயாணத்தில், கோச்சு வண்டித் தலைவன் தன் காலடியில் உட்காருமாறு பணித்து அடித்தபோதும், பித்தளைக் கம்பியைப் பற்றிக்கொண்டு இடம் பெயராதிருந்தார். பிரிட்டோரியா சேர்ந்து சில நாட்களில் அங்குள்ள இந்தியரைக் கூட்டி, வாணிகத்தில் வாய்மை, தூய்மை, ஒற்றுமை ஆகியவை குறித்துப் பேசினார். தம் வாழ்நாளில் தாம் நிகழ்த்திய முதற் பொதுச் சொற்பொழிவு அதுவே என்பர். வெண்ட்னரிலும் பம்பாயிலும் எழாத நா, அங்கே எழுந்தது எங்ஙனம்? தம்மைப் பற்றிப் பிறர் என்ன நினைப்பரோ என்னும் எண்ணம் இருந்தவரையில் அந்நா கட்டுண்டிருந்தது. தம்மைப் போலவே இடர்ப்படும் பிறரைப் பற்றிய எண்ணம் மேலெழுந்தவுடன் கட்டு அவிழ்ந்தது. துணிவு வளர்வதற்குப் புதிய இடம் மட்டும் போதாது; அங்கே தன்னினும் பெரியதொரு கடமையும் வேண்டும்.

1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அக்காலத்தில் ஒருநாள், கிழிந்த உடையும், உடைந்த முன்பற்களும், குருதி ஒழுகும் வாயுமாகப் பாலசுந்தரம் என்னும் தமிழர், தலைத்துணியைக் கையில் ஏந்தி அவர் அலுவலகத்தில் வந்து நின்றார். ஒப்பந்தக் கூலியாகிய அவரை எசமானர் அடித்திருந்தார். வெள்ளையர் முன் செல்லும் கூலியாள் தலைத்துணியைக் கழற்றுதல் அங்கே வழக்கம். அவ்வழக்கப்படியே அவர் இவர் முன்னும் நின்றார். அதனை மீண்டும் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் கூறினார். பின்னர் மருத்துவச் சான்று பெற்று, மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டு, அவரை வேறோர் எசமானரிடம் மாற்றச் செய்தார். முந்திய ஆண்டில் தம் தலைப்பாகையைக் காத்துக்கொண்டவர், இப்போது பிறனொருவன் தலையையும் நிமிரச் செய்தார். 1897 ஜனவரி 13-ஆம் நாள் டர்பனில் இறங்கியபோது வெள்ளையர் கும்பலொன்று கல்லும் அழுகிய முட்டையும் எறிந்து அவரை அடித்தது. போலீஸ் சூப்பரிண்டெண்டெண்டின் மனைவியார் தம் குடையை விரித்து இடையே நின்று அவரைக் காத்தனர். அடித்தவர் மீது வழக்குத் தொடுக்க அவர் மறுத்துவிட்டார். பேய்க்கு அஞ்சிய பிள்ளை இவர்தாம்.

அவரிடமும் குறையில்லாமலில்லை. அத்தொடக்க காலத்தில் அவர் பாடுபட்டது இந்தியர் பொருட்டே. அந்நாட்டுக்கு உரியவராகிய ஆப்பிரிக்க மக்களைக் குறித்து அவர் அப்போது எழுதியவற்றுள் ஏற்கத்தகாத இழிமொழிகளும் உள. கடலைக் கடந்தவருக்கும் உள்ளத்தில் கடக்கவேண்டிய கரைகள் மிஞ்சியிருத்தலை இதனால் அறிகின்றோம்.

துணிவு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவது. 1913-இல், கிறிஸ்தவ முறைப்படி நடவாத மணங்கள் செல்லாவென்று தென்னாப்பிரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்பு, இந்தியப் பெண்டிரும் அறப்போரிற் புகுந்தனர். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்களுள் மிகப் பெரும்பாலார் தமிழரே. கைக்குழந்தைகளோடு சென்றாரும் உளர். அனுமதியின்றி எல்லையைத் தாண்டுதலே குற்றமாயிருந்த நாட்டில், அவர்கள் நேட்டால் எல்லையைத் தாண்டி, நியூகாசில் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்பால் பேசினர். சுரங்கங்களில் வேலை நின்றது. பெண்கள் சிறை புகுந்தனர். தில்லையாடியைப் பூர்விகமாக உடைய வள்ளியம்மை என்னும் பதினாறு வயதுப் பெண், சிறையிலிருந்து காய்ச்சலோடு மீண்டு, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் துறந்தார். சிறை சென்றதற்கு வருந்துகின்றாயோ என்று காந்தியடிகள் கேட்டபோது, மீண்டும் செல்லச் சித்தமாயிருக்கின்றேன் என்றே அவர் விடையிறுத்தார். அவ்வாண்டிலேயே இந்தியர் மணங்கள் சட்டப்படி ஏற்கப்பட்டன. ஒப்பந்தம் முடிந்தோர் மீதிருந்த மூன்று பவுன் தலைவரியும் ஒழிந்தது. தம் இல்லத்து வாயிலைத் தாண்டிப் பழகாத மகளிரும் அவர்களுள் இருந்திருப்பர் என்பதை எண்ணினால், நம் வீட்டுப் பெண்களைப் பற்றி நாம் சொல்லிவரும் ‘அவர்களால் இயலாது’ என்னும் சொல்லின் பொய்ம்மை விளங்கும்.

இறுதியாக, அச்சபை யாதாயிற்று? அவர் இங்கிலாந்திலிருந்து திரும்பிய பின்பும், குலத்தார் இரு கட்சியாகப் பிரிந்து நின்றனர். ஒரு கட்சியார் சேர்த்துக்கொண்டனர், மற்றவர் மறுத்தனர். மறுத்தவரிடம் அவர் மன்றாடவுமில்லை, அவர்களைப் பகைக்கவுமில்லை. விலக்கு விதியை மதித்து, மாமனார் வீட்டிலும் தமக்கையார் வீட்டிலும் நீரும் பருகாதிருந்தார். மறைவாக உண்ண அவர்கள் அழைத்தும், வெளிப்படச் செய்யவியலாததை மறைவிற் செய்ய அவர் ஒப்பவில்லை. பிற்காலத்தில், விலக்கிய கட்சியாருள்ளும் பலர் அவருடைய பொதுத் தொண்டுக்கு உதவினர். விலக்கப்பட்ட பிள்ளையாலேயே அக்குலத்தின் பெயர் உலகம் அறிந்ததாயிற்று. அபராதம் விதித்த சேட்டின் பெயரை இன்று அறிவார் யார்?

கடல் கடந்தார் என்று ஒருவரை விலக்கும் வழக்கம் நம்மிடையே ஒழிந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் அந்த ஒரு ரூபாய் நாலணா வேறு வடிவங்களில் இன்னும் வசூலாகின்றது. வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்த பெண்ணை, ‘நாலு பேர் என்ன சொல்வர்’ என்று நிறுத்துகின்றோமே, அஃது அபராதம். குலத்தொழிலை விட்டு வேறு தொழில் தொடங்கியவன் முதலாண்டில் நட்டமடைந்தால் நகைக்கின்றோமே, அஃது அபராதம். கூட்டத்தில் பேச எழுந்த இளைஞன் தடுமாறினால் முணுமுணுத்து உட்காரவைக்கின்றோமே, அதுவும் அபராதமே.

ஆழம் தெரியாமல் காலை விடுமாறு நாம் எவரையும் ஏவவில்லை. மோகன்தாஸும் கண்ணை மூடிக்கொண்டு குதித்தாரல்லர். அன்னைக்குச் செய்த பிரதிக்கினை அவருக்கு நங்கூரமாயிற்று. தமையனாரின் உறுதி துணையாயிற்று. நண்பரின் கடன் தோணியாயிற்று. இம்மூன்றையும் அளிக்கவல்லது குடும்பமும் சங்கமுமே. புறப்படும் பிள்ளைக்கு வழிச்செலவும், சென்ற ஊரில் அறிந்தார் ஒருவர் முகவரியும், தோற்று மீண்டால் தலைகுனியாமல் நுழையத்தக்க ஒரு வாயிலும் நாம் தருவோமாயின், எஞ்சிய துணிவை அவர்கள் வழியிலேயே பெற்றுக்கொள்வர்.

அடுத்த முறை நம் இல்லத்துப் பிள்ளையொன்று ஒரு புதிய வழியைச் சுட்டி, ‘போய்வரட்டுமா?’ என்று நம் முன்னே வந்து நிற்கும்போது, நாம் சேட்டாக அமர்ந்து விடை கூறப்போகின்றோமா, மாவ்ஜி தவேயாக எழுந்து வழியனுப்பப்போகின்றோமா என்பதனை ஒவ்வொருவரும் இன்றே தம் நெஞ்சோடு கேட்டுத் தெளிவாராக.